காருக்குள் பந்தி

அன்பும் தொப்பையும் என்றைக்கும் குறையாத மச்சான் அவர்களுக்கு, கையும் சட்டையும் பல நிறமாகிப்போன உங்கள் பெயிண்டர் மச்சான் எழுதுவது. நான் சுகம். என் வயிறு மட்டும் சுகமில்லை, காரணம் கீழே வருகிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், கடிதத்தில் நான் மட்டும்தான் பேச முடியும்.

நம் பாப்பாவைக் கேட்டு வந்த பையனின் வீட்டைப் பார்த்துவிட்டு வரச் சொன்னீர்கள். "நீங்க சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்று பெற்ற மகளின் வாழ்க்கையைத் தூக்கி என் தலையில் வைத்தீர்கள். போனேன், பார்த்தேன். பையன் தங்கம். அவன் அம்மா ஒரு கம்பெனியில் பெரிய அதிகாரி, மரியாதையான மனுஷி. வீட்டில் இந்த இரண்டு பேர்தான். குறை சொல்ல ஒன்றுமே இல்லையே என்று எனக்கே கவலை வந்துவிட்டது. தொழில் புத்தி, போன இடத்தில் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். சமையலறைக் கூரை, மச்சான், பெயிண்ட் அடித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஒரு புகைக் கறை கிடையாது, எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது. கொஞ்சம் வெந்நீர் கேட்டேன். அந்த அம்மா அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, எப்படிப் பற்றவைப்பது என்று மகனைக் கேட்டார். மகன் போனைக் கேட்டான். போன் ஒரு படம் காட்டியது. படம் முடிவதற்குள் எனக்குத் தாகமே போய்விட்டது.

சாப்பாட்டுக்குப் போனில் சொல்லியிருந்தார்கள். கொண்டு வருகிற ஆள் போனுக்குள் ஒரு புள்ளியாகத் தெரிகிறான். பிரசவ அறை வாசலில் உட்கார்ந்த மாதிரி நாங்கள் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். புள்ளி பாலம் ஏறியது, இறங்கியது, ஒரு சந்துக்குள் புகுந்து அசையாமல் நின்றது, பிறகு காணாமலே போனது. ஆர்டர் ரத்தாம். கடை எங்கே என்று கேட்டால் பின் தெருவில்! அப்புறம் புள்ளி ஏன் பாலம் ஏறியது என்றேன், ஒருவழிப் பாதையாம். கோழி பொரிக்கிற வாசனை குளியலறை ஜன்னல் வழியாக வந்து என்னைக் கையைப் பிடித்து இழுக்கிறது. நடந்து போய் வாங்கி வருகிறேன் என்றேன். "நடந்தா?" என்றான் பையன், நான் சட்டை போடாமல் போகிறேன் என்று சொன்ன மாதிரி.

ஆகவே பின் தெருவுக்கு ஊரைச் சுற்றிக் காரில் போனோம். அந்தக் கடையில் காரை விட்டு இறங்க வேண்டாம், ஜன்னலோரம் கார் போய் நின்றால் பொட்டலம் கைக்கு வரும். ஜன்னலுக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் கார் உயிரை விட்டது. நான் இறங்கிப் போய்க் கையை நீட்டினேன். "கார்ல வந்தாத்தான் குடுப்போம் சார்" என்றாள் ஜன்னலில் இருந்த பெண். அதோ நிற்கிறதே, அதில் வந்தவன்தான் என்று காட்டினேன். "அது இங்க வரணும் சார்." பசித்தவனுக்குச் சோறு என்பது பழைய காலம் மச்சான், இப்போது காருக்குத்தான் சோறு. பையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நானும் அந்த அம்மாவும் பின்னாலிருந்து தள்ளினோம். வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடித்து எங்களை உற்சாகப்படுத்தினார்கள். ஜன்னலுக்கு வந்ததும் அந்தப் பெண், "வேற எதாவது வேணுமா சார்?" என்றாள். "தள்ளுறதுக்கு ரெண்டு ஆள் குடும்மா" என்றேன்.

பின்னால் நின்ற ஒருவர் பொறுக்கமாட்டாமல் தன் பாட்டரியிலிருந்து எங்கள் காருக்கு உயிர் கொடுத்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் இறங்கலாம் என்று கதவைத் திறந்தேன், ஒருவரும் அசையவில்லை. அவர்கள் சாப்பிடுவதே காருக்குள்தானாம். உள்ளே சாப்பிட்டால் வீட்டில் சாப்பாட்டு வாசனை வந்துவிடுமாம்! தேக்கு மேசையும் நாற்காலிகளும் உள்ளே பட்டினி கிடக்க, நான் பின் சீட்டில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்துத் தின்றேன். அங்கேதான் கல்யாணப் பேச்சு. பெண்ணுக்குக் கார் ஓட்ட வருமா என்று அந்த அம்மா கேட்டார். வரும் என்றேன். பெருமைக்கு இருக்கட்டுமே என்று, நன்றாகச் சமைப்பாள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுருவாளா?"

சிகரெட் பிடிக்கிற பையனைப் பற்றி நாம் கேட்கிற கேள்வி மச்சான் இது. ஆகவே என் முடிவு, இந்த இடம் வேண்டாம். அங்கே ஒரு பேரன் பிறந்தால் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டமாட்டார்கள், சிக்னலைக் காட்டித்தான் ஊட்டுவார்கள்.

வேளைக்குப் பசியும் பசிக்கு இலையும் உங்களுக்கு என்றும் கிடைக்கட்டும். தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், சிரிக்கட்டுமே என்று இதைப் போனில் பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "அவங்ககிட்ட சரின்னு சொல்லிடுங்க மாமா. அம்மா அடுப்படில நின்னே கிழவியாயிட்டா. நான் கார்ல உக்காந்தே கிழவியாயிக்கிறேன்" என்றாள். அவர்களுக்குச் சரி என்று சொல்லியனுப்பிவிட்டேன். மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. பாப்பா பேசி முடித்ததும் தங்கச்சி போனை வாங்கிக்கொண்டாள். புது இடத்தில் பாப்பா பழகும்வரை துணைக்குத் தானும் போய் இருக்கப் போகிறாளாம், அதையும் உங்களுக்கு என்னையே எழுதச் சொன்னாள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "பாக்கலாம்ணே" என்றாள். அரிசியைக் கழுவிப் போட்டு, அதற்கு மேல் விரலில் ஒரு கணு மூழ்கத் தண்ணீர் வையுங்கள் மச்சான். சமையலறை வீட்டில் எந்தப் பக்கம் என்று மட்டும் அவள் கிளம்புவதற்குள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.