பனியண்ணன் எடுத்த வாத்துப் படம்

பிள்ளைகளே, கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு இமயமலையில் பனி உருகியதா என்று தினமும் கவலைப்பட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் இரும்பு ஆலையில் உலை பார்த்தவர். நாங்கள் வைத்த பேர் பனியண்ணன். குல்ஃபி ஐஸைத் தவிர வேறு பனியை அவர் கண்டதில்லை.

அவருக்குப் பறவைப் பைத்தியம். குளிருக்குப் பழவேற்காடு ஏரிக்கு வரும் வரித்தலை வாத்துகள், வடக்கே பனி உருகும் காலத்தில் கிளம்பிவிடும். துப்பு சொல்ல ஆலையிலேயே ஆள் இருந்தான்: லடாக்கிலிருந்து வேலைக்கு வந்த தோர்ஜே. அவன் அம்மா ஆடு மேய்க்கும் ஏரிக்கரையில்தான் அந்த வாத்துகள் முட்டையிடுமாம். அவன் ஊருக்குப் போன் செய்தால் பனியண்ணன் நடுவில் புகுந்துவிடுவார்.

"அம்மாவ கேளுடா, பனி இன்னா ஆச்சு?"

"மொதல்ல என்கூட பேசட்டும்ணா!"

ஒரு வருடம் இங்கே பங்குனி வெயில் ஏறிய பிறகு அங்கே பனி கொட்டியது. பாதை மூடிவிட்டதால் தோர்ஜே ஊருக்குப் போக முடியவில்லை. பிள்ளை இளைத்திருப்பான் என்று அம்மா போனில் அழுதார். இவன் சாப்பாட்டையே தொடவில்லை.

பனியண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்கு அழுதுகினு கீற? வாத்துங்க இன்னும் கிளம்பல. அதுங்க உங்கம்மாகிட்டதான் போவுது. அதுங்களோட உன்ன ஒரு போட்டோ புடிச்சு அனுப்புறேன். 'எம்புள்ளய பாத்துட்டு வந்த பறவைங்க'ன்னு அவங்க மனசு ஆறும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் ஏரிக்குப் போனோம். கரையோரம் வாத்துக் கூட்டம். தோர்ஜேவைப் பூனைபோல நடக்கவிட்டு அருகில் நிறுத்தினோம். பனியண்ணன் கேமராவைக் கண்ணில் வைத்தார். ஆலை இரைச்சலில் கத்தியே பேசிப் பழகிய தொண்டை அவருக்கு. ரகசியமாகத்தான் சொன்னார்:

"யாரும் சத்தம் போடாதீங்கபா!"

ஏரியே எழுந்து பறந்தது. அக்கரையில் ஆந்திராவுக்கே கேட்டிருக்கும்.

"ஐய, நீதான்ணா கத்துற!" என்று நான் கத்தினேன். மிச்சமிருந்த வாத்துகளும் கிளம்பின.

தோர்ஜே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பதற்றத்தில் பனியண்ணன் விரல் பட்டனை அழுத்திவிட்டது.

படத்தில் வானம் முழுக்க வாத்து. கீழே வாய் கொள்ளாமல் சிரிக்கும் பிள்ளை. அனுப்பியதுமே அம்மா அழைத்தார். தோர்ஜே எங்களுக்குச் சொன்னான்: "நான் குண்டாயிட்டேனாம்ணா. சிரிக்க வெச்சவர காட்டச் சொல்றாங்க."

பனியண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அட போடா! இந்த மூஞ்சிய பாத்தா வாத்துங்க அடுத்த வருசம் வராது."

ஒரு தாயின் அழுகையை நிறுத்தியவரின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அதனால்தான் அவரை உங்களுக்கு எழுதிக் காட்டுகிறேன்.