ஹேண்ட்பேக்கில் ஒரு ஃபியூஸ் கட்டை

மளிகைக்கடைக்காரர் மகளுக்குப் பில் இல்லாத சரக்கைக் கண்டால் போலீஸ் ஞாபகம் வரும். கம்ப்யூட்டர் டீச்சர் ஆன பிறகும் எனக்கு வந்தது.

எண்ணூர் போகும் வழியில் டோல்கேட் என்ற பேட்டையில், தெற்கத்திக்காரரான அப்பாவுக்குக் கடை. பில் இல்லாமல் வருவது திருட்டுச் சரக்கு என்பது அவர் எனக்குச் சோற்றோடு ஊட்டிய வேதம். அதைச் சுமந்துகொண்டுதான் எண்ணூரில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். அங்கே நான்கு கம்ப்யூட்டர்கள். நான்கிலும் இலவச ஆபீஸ் மென்பொருள். பீரோவைக் குடைந்தேன், பில் இல்லை. ஹெச்.எம்.மிடம் கேட்டால், அது ஃப்ரீம்மா என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: திருட்டுச் சரக்கேதான். (விளங்கியது, மண்ணாங்கட்டி!)

அடுத்த வாரமே ஓர் அதிகாரி வருவதாகத் தகவல். பிள்ளைகள் வேலை செய்து காட்டினால் இன்னும் பத்து கம்ப்யூட்டர் தருவார்களாம். ஒரு மெஷினுக்கு ஏழு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் வகுப்பு அது. எட்டாம் வகுப்பு ரோஸி, அவள் அப்பா முகத்துவாரத்தில் பிடிக்கும் நண்டுகளைப் பற்றிப் பதினோரு ஸ்லைடு செய்து, சாப்பாட்டு மணியைக்கூட மறந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கோ, கையில் விலங்கோடு அப்பா கடையைத் தாண்டிப் போகும் காட்சிதான் கண்ணில் நின்றது. ஜீப் சத்தம் கேட்டதும் கம்ப்யூட்டர் அறையின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி ஹேண்ட்பேக்கில் போட்டேன். வந்தவரிடம் கரண்ட் இல்லை என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. பக்கத்து வகுப்பில் ஃபேன் வேறு சுற்றியது.

"இங்கயே இல்லன்னா ஊருக்கே இருக்காதேம்மா" என்றார்.

ரோஸிக்குக் கண் கலங்கிவிட்டது. "கரண்ட்லாம் கீது சார். மிஸ்ஸுதான் கட்டையப் புடுங்கி பையில வெச்சிகினாங்க."

பூமி பிளக்கவில்லை. (அவசரத்துக்கு எது உதவியிருக்கிறது?) பையைக் கவிழ்த்தேன். டிபன் டப்பா, சீப்பு, ஃபியூஸ் கட்டை. அழுதுகொண்டே பில் கதையைச் சொன்னேன். அந்த மனிதர் திட்டவில்லை.

"செஞ்சவங்களே எல்லாரும் எடுத்துக்குங்க, அடுத்தவங்களுக்கும் குடுங்கன்னு விட்டதும்மா இது. இதுக்குப் பில்லே கிடையாது" என்று சொல்லி, கட்டையை அவரே மாட்டினார். ரோஸி பதினோரு ஸ்லைடையும் ஓட்டிக் காட்டினாள். நான் மூலையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

பத்து கம்ப்யூட்டரும் வந்தன. கரண்ட் போனால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒருவரும் மெயின் பாக்ஸ் பக்கம் போவதில்லை. அப்பா இருட்டிலேயே உட்கார்ந்தபடி கையை நீட்டுகிறார்: "ஏட்டி, மொதல்ல ஒம் பையத் தொற."