நாற்பது கிலோமீட்டரும் ஒரு குட்டியானையும்

ஒரு கூட்டமே எனக்காகக் கைதட்டியது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அதுவும் நான் செய்யாத காரியத்துக்கு. தட்டும்போது நான் மறுக்கவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்து, ரொம்ப அடக்கமானவள் மாதிரி சிரித்தேன். (அந்தச் சிரிப்பு போட்டோவில் இருக்கிறது. அழிக்கச் சொல்லி இரண்டு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.)

விழுப்புரத்தில் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் டைப்பிங் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ‘வடக்கே வாய்க்கால், தெற்கே பொதுவழி’ என்று அடுத்தவர் நிலத்துக்கு எல்லை அடிப்பதுதான் தொழில். முப்பத்தொன்பது வயதில், சர்க்கரை எட்டிப்பார்க்கிறது, தினமும் நடங்கள் என்றார்கள். நடந்தேன். ஒருநாள் காலை பின்னால் நாய் வந்ததால் ஓடினேன். நாய் நின்ற பிறகும் நான் நிற்கவில்லை. ஆரம்பம் அவ்வளவுதான்.

ஓட்டத்தில் முதல் மூன்று கிலோமீட்டர் உடம்பு நம்மைத் திட்டிக்கொண்டே வரும். நாலாவதில் வாயை மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் காணை ரோட்டில், இரண்டு பக்கமும் கரும்பு ஈரமாக நிற்க, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அது என்னுடைய மூச்சுதானா என்று எனக்கே சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்காகவே தினமும் நாலரை மணிக்கு எழுந்தேன்.

பத்து கிலோமீட்டர் இருபதானது. ஆசை கூடியது. புதுச்சேரியில் நடக்கும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மாரத்தானே நாற்பத்திரண்டுதான், அதையும் தாண்டி ஓடுவது. என் கணவர் தாஸ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். செய்தியைக் கேட்டதும் தொழில் முறையில் வருத்தப்பட்டார்.

“அம்பது கிலோமீட்டரை மனுசங்க கால்ல ஓடிக்கினு இருந்தா, நாங்கல்லாம் இன்னாத்துக்கு வண்டி வச்சிக்கினு கீறோம் மேரி?”

பயிற்சி அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒட்டிய மூன்றாவது வாரம் இடது குதிகாலில் வலி வந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் ஆணி மேல் நிற்கிற மாதிரி இருக்கும். அது போதாதென்று டைபாய்டு வந்தது. முண்டியம்பாக்கத்தில் பார்த்த டாக்டரம்மா கறாராகச் சொன்னார்: குதிகாலுக்கு ஆறு வாரம் ஓய்வு, காய்ச்சலுக்கு மூன்று வாரம். நான் ஆறிலிருந்து மூன்றைக் கழித்துக்கொண்டேன். (கணக்கில் நான் எப்போதுமே இப்படித்தான்.)

படுத்துக்கிடந்த அந்த நாட்கள்தான் கொடுமை. காய்ச்சலைத் தாங்கிக்கொள்ளலாம். தெருவில் யாராவது விடிகாலையில் செருப்புச் சத்தத்தோடு நடந்துபோனால் தாங்க முடியவில்லை. அட்டவணையில் ஒவ்வொரு கட்டமாகக் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெரிய கட்டத்தில் ‘ஞாயிறு, நாற்பது கிலோமீட்டர்’ என்று இருந்தது. அதே ஞாயிற்றுக்கிழமைதான் திண்டிவனத்தில் என் நாத்தனார் ஜெசிந்தாவின் மகளுக்குப் புதுநன்மை. பிள்ளை முதல்முறையாக நற்கருணை வாங்கும் விசேஷம். பத்து மணிக்குப் பூசை, மதியம் பிரியாணி. எங்கள் வீட்டிலிருந்து திண்டிவனம் கோயில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். இதில் ஆண்டவருடைய திட்டத்தைப் பார்க்காமல் இருக்க நான் என்ன நாத்திகவாதியா?

தாஸிடம் பாதியை மட்டும் சொன்னேன். “விக்கிரவாண்டி வரிக்கும் மெதுவா ஓடறேங்க. அங்க பஸ் ஏறி வந்துடறேன். என் பட்டுப்புடவைய மட்டும் மறக்காம எடுத்துக்கினு வாங்க.”

“காய்ச்சல் வுட்டு பத்து நாளு கூட ஆவல.”

“அதான் மெதுவான்னு சொல்றேனே.”

நாலே காலுக்குக் கிளம்பினேன். முதல் மூன்று கிலோமீட்டர் உடம்பு திட்டியது. நாலாவதிலும் திட்டியது. அதை ஒரு குறிப்பாக நான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு அந்த டாக்டரம்மா எனக்காக வாசலில் நிற்க மாட்டார் என்று தெரியும். இருந்தாலும் மூடிக்கொண்டேன்.

விக்கிரவாண்டியில் ஒரு பஸ் என் முன்னாலேயே வந்து நின்றது. கண்டக்டர் “திண்டிவனம், திண்டிவனம்” என்று என்னைப் பார்த்தே கத்தினார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு ஓடினேன். பொழுது விடிந்திருந்தது. இரண்டு மூன்று கிலோமீட்டர், நிஜமாகவே, குதிகால் மறந்துபோனது. மூச்சு மட்டும் கேட்டது. ஒரு மாதமாக எதற்கு ஏங்கினேனோ அது திரும்ப வந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக மிச்சம் எல்லாவற்றையும் இன்னொரு முறை அனுபவிக்கச் சொன்னாலும் அனுபவிப்பேன்.

மிச்சம் என்னவென்றால், வெறும் வயிற்றில் மாத்திரை, அதன் மேல் இரண்டு வாழைப்பழம், அதன் மேல் உப்புச் சர்க்கரைத் தண்ணீர். கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வயிறு கலக்க ஆரம்பித்தது. அந்தக் கலக்கம் பொறுமையான ரகம் இல்லை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, எதிரில் தெரிந்த மல்லாட்டைக் கொல்லைக்குள் ஓடினேன். (அன்றைய ஓட்டத்தில் என் அதிகபட்ச வேகம் அதுதான்.) மல்லாட்டை என்கிற நிலக்கடலைச் செடி முழங்கால் உயரம் கூட வளராது என்பது உள்ளே போன பிறகுதான் உறைத்தது.

“யாரும்மா அது, கொல்லையில?”

களை எடுக்க வந்த ஒரு அக்கா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். என் நிலைமையைப் பார்த்து முதுகைத் திருப்பிக்கொண்டார். பிறகு தூக்குவாளியிலிருந்த தண்ணீரைக் கொடுத்தார். நான் எழுந்து இரண்டு அடி வைத்தேன். குதிகால் தரையில் ஊன்றவில்லை. கண் இருட்டியது. அந்த அக்கா என் கையைப் பிடித்து ரோட்டோரம் உட்கார வைத்து, எங்கே போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, வந்த முதல் குட்டியானையை நிறுத்தினார். (குட்டியானை என்றால் எங்கள் பக்கத்தில் சின்னச் சரக்கு வண்டி.)

“பாய், இந்தப் பொண்ணுக்கு வயித்தால போவுது. திண்டிவனத்துல எறக்கி வுடு.”

ஓட்டிவந்தவர் ஒரு சமையல்காரர். வழியில் டயர் பஞ்சராகி நேரமாகிவிட்ட பதற்றம் அவருக்கு. “ஏறும்மா ஜல்தி. முன்னாடி எடமில்ல, பின்னாடி அண்டாவப் புடிச்சிக்கினு குந்திக்கோ” என்றார். மிச்சமிருந்த பதினாறு கிலோமீட்டரும் பிரியாணி அண்டாவைக் கட்டிக்கொண்டு வந்தேன். யார் வீட்டு விசேஷத்துக்குப் போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டேன். கோயில் அங்கிருந்து கொஞ்ச தூரம். நொண்டிக்கொண்டு போனால் அனுதாபம் கிடைக்கும்; ஓடிக்கொண்டு போனால் மரியாதை கிடைக்கும். ஓடினேன். வாசலில் நின்ற ஜெசிந்தா என் கோலத்தைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

“அண்ணி! விழுப்புரத்துலேருந்து ஓடியேவா வந்தீங்க?”

“வந்துட்டேன்ல” என்றேன். (பொய் சொல்லவில்லை, கவனியுங்கள்.)

அரை மணி கழித்து தாஸ் பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜெசிந்தா ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அந்த முகத்தில் நான் கல்யாணத்தன்று கூடப் பார்க்காத ஒரு பெருமை. “நாப்பது கிலோமீட்டரு, நாலு மணி நேரத்துல வந்துகீறா!” என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே குட்டியானை என்று எப்படிச் சொல்வேன்?

பூசை முடிவில் ஃபாதரும் அறிவித்துவிட்டார். “நோயிலிருந்து எழுந்து, நாற்பது கிலோமீட்டர் ஓடியே ஆலயத்துக்கு வந்திருக்கும் சகோதரி மேரிக்கு...” கோயிலே கைதட்டியது. அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

மதியம் பந்தி. ஒரு பக்கம் தாஸ், எதிரில் ஃபாதர், சுற்றிலும் சொந்தக்காரர்கள். பிரியாணி வந்துகொண்டிருந்தது. பரிமாறிக்கொண்டு வந்தவர் என் இலைக்கு முன்னால் நின்றார். வண்டி ஓட்டிவந்த பாய்.

“இன்னாம்மா, வயிறு இப்ப பரவால்லியா? நீ பிரியாணி துன்னாத. ஒனக்குன்னு மோர்சாதம் கரைச்சு தனியா வச்சிக்கீறேன்.”

“பாய், யாரச் சொல்றீங்க?” என்றாள் ஜெசிந்தா.

“இவங்களத்தான். மல்லாட்டைக் கொல்லை ஓரமா தொவண்டு கெடந்தாங்க, பாவம். நம்ம அண்டாவப் புடிச்சிக்கினுதான வந்தாங்க.”

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவ்வளவு அக்கறையாக யாரும் யாருடைய மானத்தையும் வாங்கியிருக்க மாட்டார்கள். பந்தி முழுக்க என் பக்கம் திரும்பியது. பாவங்களை ஒப்புக்கொள்ளக் கேட்டே பழகிய ஃபாதர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“மேரி, பாவசங்கீர்த்தனம் சனிக்கிழமை சாயங்காலம் கேக்கறதுதான் வழக்கம். பந்தியில பண்ணத் தேவையில்ல.”

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு, காலையில் கேட்ட கைதட்டலைவிடப் பெரியது.

தாஸ் மட்டும் சிரிக்கவில்லை. என்னை வெளியே படிக்கட்டில் உட்கார வைத்து ஷூவைக் கழற்றினார். குதிகால் வீங்கிச் சிவந்திருந்தது.

“இவ்ளோ வலிக்குதுன்னு ஏன் சொல்லல?”

“சொன்னா ஓட வேணாம்னு சொல்வீங்க.”

“ஆமா, சொல்லுவேன்.” வீக்கத்தைக் கட்டைவிரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். “அப்பிடி இன்னாதான் கீது மேரி அந்த ஓட்டத்துல?”

எல்லை எழுதிப் பிழைக்கிறவள் நான். எந்த நிலத்துக்கும் நாலு பக்கமும் சொல்லிவிடுவேன். இதற்கு எனக்கு ஒரு பக்கம்கூடச் சொல்ல வரவில்லை. அழுகைதான் வந்தது.

“நெசமா எவ்ளோ ஓடின?”

“இருபத்தி நாலு.”

எழுந்து நேராகப் பந்திக்குள் போனார். “இருபத்தி நாலு கிலோமீட்டர் நெசமாவே ஓடிக்கீறா. டைபாய்டோட. இப்ப தட்டுங்க” என்றார். எல்லார் கையும் பிரியாணியில் இருந்தது. யாரும் தட்டவில்லை.

காய்ச்சல் திரும்ப வந்தது. புதுச்சேரி ஓட்டம் நான் படுத்திருக்கும்போதே நடந்து முடிந்தது. அன்று விடிகாலை நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. இந்நேரம் கிளம்பியிருப்பார்கள், இந்நேரம் நாலாவது கிலோமீட்டர், இந்நேரம் மூச்சு மட்டும் கேட்கும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டத்துக்கென்று கூரியரில் வந்த டீ-ஷர்ட்டை இன்னும் பிரிக்கவில்லை. குதிகால் இப்போது ஐந்து கிலோமீட்டருக்குமேல் சம்மதிப்பதில்லை. நாலாவதில் உடம்பு வாயை மூடுகிறது. ஐந்தாவதில் வீடு வந்துவிடுகிறது.

எங்கள் குடும்பத்தில் யார் எங்கே சீக்கிரம் வந்து சேர்ந்தாலும், “குட்டியானையிலயா வந்தே?” என்றுதான் கேட்கிறார்கள். புதுநன்மை வாங்கிய பிள்ளைக்கு நான் ‘அண்டா அத்தை’. போன கிறிஸ்துமஸுக்கும் ஜெசிந்தா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், பின்னால் வீடே காத்திருந்தது.

“அண்ணி, எப்ப வர்றீங்க? குட்டியானை அனுப்பட்டுமா?”

“வேணாம் ஜெசி. கூட்டேரிப்பட்டு கிட்ட வந்து நிக்கறேன். இன்னும் பதினாறு கிலோமீட்டருதான்” என்றேன்.

அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாஸ் மட்டும் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.