அமாவாசைக்கு அமாவாசை புது ரிலீஸ்

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே, ஏன், இந்தப் பூமியிலேயே, காலண்டரில் கறுப்பு வட்டம் பார்த்து சாஃப்ட்வேர் வெளியிட்ட ஒரே மனிதன் எங்கள் அமாவாசைதான். பக்திமானா என்றால் அதுவும் கிடையாது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சோம்பல்பட்டு வெளியே நின்றே கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஜாதி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுடைய ஆபீஸ் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

படாளத்துப் பையன். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் படூரில் என் ஃபிளாட்டில் அவனும் இன்னும் நாலைந்து பேரும் கூடுவார்கள். கடலில் காற்று எப்படி, அலை எப்படி என்று படகுக்காரர்களுக்குத் தமிழில் சொல்லும் இலவசச் செயலி ஒன்றை எழுதினார்கள். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து எழுதலாம், ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது, சண்டைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. அதில் தமிழ் வார்த்தைகளைச் சரிபார்ப்பது என் வேலை. மற்ற நேரத்தில் காபி போடுவதும் என் வேலை.

சண்டையெல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான்: புதுப் பதிப்பை என்றைக்கு விடுவது? "எல்லாம் முடிஞ்சப்புறம்" என்பான் ஒருவன். எல்லாம் என்றைக்கய்யா முடிந்திருக்கிறது? மாசம் பிறந்தால் ஒன்று என்பான் இன்னொருவன். கடைசியில், எல்லோருக்கும் லீவு என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று. ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. ஊர் முழுக்க மீன் வாங்குகிற நாள் ஞாயிற்றுக்கிழமை என்பது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அப்படியே ஒரு சனிக்கிழமை விட்டோம். மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஏகாம்பரம். குப்பத்தில் வீடு வீடாகப் போய் எங்கள் செயலியைப் போட வைத்த புண்ணியவான்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீறீங்க? தொறந்தா வட்டம் சுத்திகினே கீது! அதப் பாத்துகினு குந்திகினு, லேட்டா கெளம்பி, கரைக்கு வரசொல்ல வாங்க வந்தவன்லாம் கோழிக் கடைக்குப் பூட்டான்!"

செயலியை அவர் அழித்தார். அவர் அழித்ததைப் பார்த்துக் குப்பமே அழித்தது. எங்கள் செயலியைப் பயன்படுத்த வேறு எந்த ஊரிலும் ஆள் கிடையாது. குப்பம் திரும்பி வராவிட்டால் கடையை இழுத்துச் சாத்த வேண்டியதுதான்.

மற்றவர்கள் யார் மேல் தப்பு என்று ஆராய்ந்துகொண்டிருக்க, நம் ஆள் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு நேராகக் குப்பத்துக்குப் போனான். ஏகாம்பரம் வலை பின்னிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால், "அண்ணாத்த, எந்த நாள்ல ஒடஞ்சா ஒங்களுக்குப் பரவால்ல?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிபட்ட மனுஷனிடம் போய்க் கேட்கிற கேள்வியா இது?

"எந்த நாளும் ஒடையக் கூடாதுய்யா!" என்றார் அவர்.

"ஒடையாத சாஃப்ட்வேரே கெடையாது அண்ணாத்த. நாள மட்டும் சொல்லுங்க."

ஏகாம்பரம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அமாவாச அன்னிக்கு ஒடச்சிக்கோ. அன்னிக்கு எவனும் மீன் வாங்க மாட்டான், நாங்களும் கடலுக்குப் போவ மாட்டோம்."

பையனுக்குப் பெண் கிடைத்த மாதிரி சந்தோஷம். அன்றைக்கே உலகத்துக்கு அறிவித்துவிட்டான்: இனி ஒவ்வொரு அமாவாசைக்கும் ரிலீஸ். நார்வேயிலிருந்து எங்களுக்கு உதவும் ஒருவர், இதற்கும் கடலின் ஏற்ற இறக்கத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டிருந்தார். "இல்லை, சாம்பாருக்கும் இதற்கும்தான் சம்பந்தம்" என்று பதில் போட்டான். சாம்பார் என்றால் என்ன என்று அந்த மனிதர் உடனே அடுத்த கேள்வியை அனுப்பினார்.

ஆபீசில் மாதாமாதம் அமாவாசைக்கு லீவு கேட்டதில் மேனேஜர் உருகிப் போனார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா!" என்று லீவும் கொடுத்து, பிரசாதமும் கேட்டார். வேறு வழியில்லாமல் திருப்போரூர் முருகனிடம் இறங்கி விபூதி வாங்கிக்கொண்டு போனான். மேனேஜருக்குப் பதவி உயர்வு வந்து தொலைத்தது. அதிலிருந்து அந்த மாடி முழுக்க இவனிடம் விபூதிக்குக் கியூ.

முதல் அமாவாசையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். "ஒரே ஒரு தபா போட்டுப் பாக்கறேன்" என்று ஏகாம்பரம் சம்மதித்திருந்தார். புதுப் பதிப்பு போனில் இறங்கியது. அவர் அதைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

"காத்து என் மூஞ்சில அடிக்குது. இது முதுவுல அடிக்குதுங்குது."

அம்புக்குறி தலைகீழ்! நான் பைக் பக்கம் நகர்ந்தேன். இவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அதுக்குத்தானே அண்ணாத்த இன்னிக்கு வெச்சோம்" என்று ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். பொழுது சாய்வதற்குள் அம்பு திரும்பிவிட்டது.

மறுநாள் விடியலில், நாங்கள் கரையில் நிற்க, படகுகள் போயின. அவன் ஆபீஸ் கிளம்புவதாக இல்லை.

"டேய், அதான் சரி பண்ணிட்டியே, வாடா!"

"இருங்க சார். தப்பா இருந்தா, வந்து திட்றதுக்கு ஆள் வேணும்ல?"

வெயில் ஏறும் வரை நின்றான். ஏகாம்பரம் கரையேறி வந்து, "சரியாத்தான்யா சொல்லிச்சு. எல்லார் போன்லயும் போட்டுடு" என்றார். ஒரு முழு வஞ்சிரத்தைத் தூக்கி இவன் கையில் திணித்தார். பயல் பிறவிச் சைவம், மீன் வாடையே ஆகாது. இருந்தும் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். என் மனைவி வறுத்துப் போட, நான் சாப்பிட, அவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எப்டி சார் கீது? கரெக்டா சொல்லுங்க. நாளைக்கு அண்ணாத்த கேட்டா நான் சொல்லணும்."

வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு துண்டு போடச் சொன்னேன்.