தசரதன் நடத்திய களிம்புத் தணிக்கை

அந்தப் புதன்கிழமை காலையில் மண்ணூர் வாடகை வீட்டின் முன்னறையில் நால்வர் இருந்தனர். ஒரகடத்துக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாகிய தசரதன்; வேதியியலில் பட்டம் பெற்றும் ஆறாண்டுகளாக அவனுக்குச் சாம்பார் வைத்துவரும் மனைவி செல்வலட்சுமி; வீட்டுக்காரம்மா கங்கம்மாள்; மாடியறையில் குடியிருந்து முகப்பூச்சுக் கம்பெனியொன்றில் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பெண் ஷெர்லின்.

அந்தக் கம்பெனியில்தான் செல்வலட்சுமிக்குப் பதினோரு மணிக்கு நேர்முகத் தேர்வு. ஆய்வுக்கூட வேலை. அவள் போகக் கூடாது என்று தசரதன் முடிவு கட்டியிருந்தான். அவள் போய்விட்டால் காலை ஷிஃப்டுக்கு இட்லி அவிப்பது யார் என்பதே உண்மைக் காரணம். அதைச் சபையில் சொல்ல முடியாது. நல்லவேளையாக, செல்போனில் பார்த்த வீடியோ ஒன்று கௌரவமான வேறொரு காரணத்தை வழங்கியிருந்தது.

"ஆல்கஹாலு! நீ மூஞ்சில பூசறதுல எல்லாம் ஆல்கஹாலு கீது. அத்த டிரம் டிரம்மா ஊத்தற கம்பெனிக்கு எம் பொண்டாட்டி போவணுமா?" என்று மனைவியிடம் பாய்ந்தான்.

"ஆதாரம் இன்னாங்க?" என்றாள் செல்வலட்சுமி.

"ஆடிட்டு பண்றேன். என் ரிப்போர்ட்டு சொல்றதுதான் முடிவு."

"ரிப்போர்ட்டு தப்பா இருந்தா?"

"நா சைன் போட்டத மேனேஜரே திருப்புனதில்ல. தப்புன்னா தாராளமா போ!"

"அப்போ ஒழுங்கா டேபிள் போட்டு எழுதுங்க. அஞ்சு பொருளு. உள்ள இன்னா கீது, லேபிள்ல எத்தினாவதா கீது, உங்க முடிவு இன்னா."

வெள்ளைத் தாளையும் அளவுகோலையும் அவளே கொண்டுவந்து வைத்தாள். தன் தொழில் முறைக்கு வீட்டிலும் மதிப்பு வந்துவிட்டதென்று தசரதன் பூரித்தான். ஒரு மணி நேரம் முத்து முத்தாக எழுதினான். சன்ஸ்கிரீன்: ஆல்கஹால், ஒன்பதாவது, ரிஜெக்ட். டோனர்: ஆல்கஹால், இரண்டாவது, ரிஜெக்ட். கை லோஷன்: செட்டைல் ஆல்கஹால், ரிஜெக்ட். குளிர்காலக் கிரீம்: மீண்டும் செட்டைல் ஆல்கஹால், ரிஜெக்ட்.

"அந்த கிரீமத்தான் நா பித்தவெடிப்புக்குத் தடவறேன்," என்றாள் கங்கம்மாள். "அப்போ நா தெனமும் போதையிலயா நடக்கறேன், தசரதா?"

"காலு வழியா ஏறும், பெரிம்மா. மெதுவா."

ஐந்தாவது, அவனுடைய ஆஃப்டர் ஷேவ். அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. நீண்டகாலம் குறையின்றிச் சரக்கு அனுப்பும் சப்ளையரின் பெட்டியைத் தொழிற்சாலையில் பிரித்துப் பார்ப்பதில்லை. நேரே உற்பத்தி லைனுக்குப் போகும். 'பத்து வருடச் சப்ளையர். சோதனை தேவையில்லை. ஓகே' என்று எழுதிக் கையொப்பமிட்டான்.

செல்வலட்சுமி அந்தப் புட்டியைத் திருப்பினாள். "ஆல்கஹால் டீநேட். மொத பேரே அதான். யாரும் குடிக்கக் கூடாதுன்னு கசப்பு கலந்த ஸ்பிரிட்டு. பூசுனதும் காஞ்சிடும், பிசுபிசுப்பு இருக்காது. கடைசில கொஞ்சூண்டு இருந்தா பெரும்பாலும் தொந்தரவு இல்ல. மொதல்லயே இருந்தா அளவு ஜாஸ்தி. சவரம் பண்ண தோலு எரியும், வறண்டும் பூடும்."

"பத்து வருசமா பூசறேன். எனுக்கு எரிஞ்சதே இல்ல!"

"இப்போதான ஷேவ் பண்ணீங்க? பூசுங்க."

மறுக்க வழியில்லை. உள்ளங்கை நிறைய ஊற்றி இரு கன்னத்திலும் அறைந்துகொண்டான். ஒரகடத்து உலை ஒன்று முகத்தில் திறந்துகொண்டது.

"கண்ணுல இன்னாப்பா தண்ணி?" என்றாள் கங்கம்மாள்.

"வேர்வை."

"கண்ணு வேர்க்குமா?"

செல்வலட்சுமி ரிஜெக்ட் ஆன கிரீமை எடுத்து அவன் கன்னத்தில் தடவினாள். "இதுல கீற செட்டைல் ஆல்கஹாலு கொழுப்புலருந்து வர்ற மெழுகு மாதிரி. தோல மெத்துனு வெக்கும். எப்டி கீது?"

தசரதன் கண்மூடி, தன்னை மறந்து பெருமூச்சு விட்டான். "சொகமா கீது."

சொன்ன பிறகுதான் சாட்சிகள் இருவர் இருப்பது நினைவுக்கு வந்தது. "அந்தப் பேப்பரக் குடு. மாத்தி எழுதறேன்."

"ஐயோ, மாத்தாதிய அண்ணே!" என்று ஷெர்லின் பதறினாள். "இன்டர்வியூக்கு இதத்தான கேட்டிருக்காவ! வீட்ல இருக்க அஞ்சு சாமான், அதுல என்னென்ன சேந்திருக்கு, விவரம் தெரியாத ஆளு அதுல என்னென்ன தப்பு பண்ணுவாவ, எல்லாம் டேபிள் போட்டுக் கொண்டு போவணும். எழுதியாச்சான்னு அக்காட்ட நேத்தே கேட்டேன். 'உங்க அண்ணனுக்கு நாளைக்கு லீவு, அவரு எழுதிக் குடுப்பாரு'ன்னுட்டாவ."

தசரதன் தாளைப் பார்த்தான். கோடுகள் நேராக இருந்தன. எழுத்து அழகாக இருந்தது. தவறுகள் அனைத்தும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன.

செல்வலட்சுமி அதைக் கோப்பில் செருகி, செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.