டார்லீனின் அரைமணி நேரம்

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

தம்பி ஆர்லோ எழுதுவது. நானும் நம் 'பை' பலகாரக் கடையும் ஓரிகன் மாநில மழையில் ஊறிக்கொண்டு நலம். அரிசோனா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நம் கடையில் பரிமாறும் டார்லீனுக்குச் சாப்பாட்டு இடைவேளை விடவில்லை என்று போன மாதம் தொழிலாளர் அலுவலகம் அனுப்பிய எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, "இந்த மாதக் கடைசிக்குள் ஒரே ஒரு நாளாவது டார்லீனை நிம்மதியாகச் சாப்பிடவிடு, இல்லாவிட்டால் கடையில் என் பாதியை விற்றுவிடுவேன்" என்று எழுதியிருந்தாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு அரைமணியில் அவள் துளி வேலை செய்தாலும் முழு அரைமணிக்கும் கூலி, இது மாநிலச் சட்டம். அதனால் வாரம் நாற்பது மணியைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு, இது மத்தியச் சட்டம். இரண்டையும் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஆனால் இருபது வருஷமாகப் பரிமாறுகிறவளை ஊர் சும்மா விடுமா? திங்களன்று கடைசி மேஜையில் உட்காரவைத்தேன். மீன்பிடிக் கிழவன் ஃபிளாய்ட், "ஏம்மா டார்லீன், இன்னைக்கு என்ன பை?" என்றான்.

"மேரியன்பெர்ரிப் பழம் வச்சது" என்றாள். போச்சு அரைமணி!

செவ்வாயன்று என் வண்டிக்குள் உட்காரவைத்தேன். ஒரு அம்மாள் கண்ணாடியைத் தட்டி பில்லை நீட்ட, இவளும் வாங்கிக் கூட்டிப் பார்த்தாள்.

"டார்லீன், உனக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்ச நேரம் சும்மா இரேன்!" என்று கெஞ்சினேன்.

"நான் இருக்கத்தான் பாக்கறேன். உங்க ஆளுங்க விட்டாத்தானே?" என்று என்மேலேயே பாய்ந்தாள்.

நேற்று அவளுக்குப் பதில் நானே பரிமாறினேன். ஃபிளாய்டின் மடியில் காபி கொட்டியது, சூட்டுத் தட்டை வெறுங்கையால் பிடித்து என் வலது கை வெந்தது, நான் போட்ட கூச்சலில் டார்லீன் சாண்ட்விச்சைப் போட்டுவிட்டு மருந்தோடு ஓடிவந்தாள். அந்த அரைமணியும் போச்சு.

இன்று மாதக் கடைசி. கடைக்குப் பூட்டுப் போட்டு, கடற்கரையில் வண்டியை நிறுத்தி, அவள் பக்கத்தில் நானே காவல் இருக்கிறேன். இருபத்தெட்டு நிமிடம் ஆகிவிட்டது, ஒரு ஈ காக்கை வரவில்லை. அக்கா, ஜெயித்துவிட்டேன்! பங்கை விற்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ஆர்லோ

பி.கு.: வெர்னாக்கா, இது டார்லீன். இவருக்குக் கையில் கட்டு. அதனால் முதல் வரியிலிருந்து இவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன், சாண்ட்விச் இன்னும் பிரிக்கவில்லை. அரைமணியை வேலை நேர அட்டையில் ஏற்றிவிட்டேன், இந்த வாரம் நாற்பது மணி தாண்டிவிட்டதால் ஒன்றரை மடங்கு. உங்கள் பாதியை விற்பதானால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். இவரை வேலைக்கு வைத்துக்கொள்கிறேன். தினமும் நிம்மதியாகச் சாப்பிடவும் விடுகிறேன்.