கேன்டீன் பொங்கலும் என் கால் ஆப்ஷனும்

வயிற்றுவலியே இல்லாமல் ஒரு தொழிற்சாலை கேன்டீனை மூடவைத்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, கேன்டீன் மாஸ்டர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கும்மிடிப்பூண்டியில் வால்வு செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. பொன்னேரியிலிருந்து ரயிலில் போகவர, மூன்று வாரம் வீடியோ பார்த்தே பங்குச்சந்தையில் ஆப்ஷன் வர்த்தகம் கற்றேன். சந்தை ஏறும் என்று தோன்றினால் ‘கால்’ என்ற ஆப்ஷனை வாங்க வேண்டும். இறங்கும் என்றால் ‘புட்’. கணிப்பு தப்பினால் போட்ட பணம் மட்டும்தான் போகும். (அந்த ‘மட்டும்’தான் என்னிடமிருந்த மொத்தமும் என்பது உறைக்கவில்லை.) ரிஸ்க் பற்றிய பகுதியை ஓட்டிவிட்டேன்.

தொழிற்சாலைக்குள் போனுக்குத் தடை. அதைப் பேன்ட்டுக்குள், வயிற்றோடு செருகி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன். வாஷிங் மெஷினுக்கென்று மனைவி ஸ்டெல்லா சேர்த்திருந்த பதினெட்டாயிரத்துக்கும், கழிப்பறையில் நின்றபடியே ஒரு கால் வாங்கினேன். அன்றுதான் அதற்குக் கடைசி நாள். மாலை மூன்றரைக்குள் சந்தை குறிப்பிட்ட உயரத்தைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் நான் விற்றுவிட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் பூஜ்யம்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிப்போய் விலை பார்த்தேன். பன்னிரண்டரைக்கு முப்பத்தாறாயிரம்! விற்றிருக்கலாம். ‘கூடவே ஒரு ஃபிரிட்ஜும் வரட்டுமே’ என்று நினைத்தபடி வெளியே வந்தால், கதவருகே சூப்பர்வைசர் தனசேகர்.

"இன்னாபா, ஏழாவது தபா போய்க்கினு வர்ற? வயித்தால போவுதா?"

"ஆமா சார்." (வேறு என்ன சொல்வது?)

"காத்தால கேன்டீன்ல பொங்கல் துன்னியா?"

"துன்னேன் சார்."

அவ்வளவுதான். பொங்கல் தின்ற இன்னும் நான்கு பேருக்கு உடனே வயிற்றைப் பிசைந்தது. மதியச் சாப்பாட்டை நிறுத்தி, கேன்டீனையே மூடினார்கள். மாஸ்டர் மீதிப் பொங்கலை எல்லோர் முன்னாலும் தின்று காட்டியும் எடுபடவில்லை.

என்னை முதலுதவி அறையில் படுக்கவைத்தார்கள். நர்ஸ் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார்.

"இன்னா சார், இங்க கல்லு மாதிரி கீது!"

"தொடாதீங்கம்மா, வலிக்குது!" என்று அலறினேன்.

தனசேகருக்கு வியர்த்துவிட்டது. டாக்டருக்கும் ஸ்டெல்லாவுக்கும் போன் போட்டார். "டாக்டர் வர்ற வரைக்கும் அசையக்கூடாது" என்று என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார் நர்ஸ். போன் வயிற்றின் மேல், எடுக்க வழியில்லை. அவர் உப்புச்சர்க்கரைத் தண்ணீரை டம்ளர் டம்ளராகப் புகட்ட, நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். மூன்றரை ஆனது.

டாக்டருக்கு முன்னால் ஸ்டெல்லாதான் அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். "இவ்ளோ இறுக்கமாவா போடுவாங்க?" என்று பெல்ட்டைத் தளர்த்தினாள். கல் நழுவி அவள் கையில் விழுந்தது. அழுகை நின்றது. போனின் பூட்டைத் திறக்கும் எண் அவளுக்குத் தெரியும்.

"இன்னாங்க இது, சைபர் காட்டுது?"

சந்தை விழக்கூட இல்லையாம். நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. குறித்த உயரத்தைத் தாண்டாத கால் கடைசி நாளில் கரைந்துபோக அதுவே போதுமாம்.

"மத்தியானம் முப்பத்தாறாயிரம் இருந்துச்சு, ஸ்டெல்லா..."

"அப்பவே ஏன் விக்கல?"

"ஃபிரிட்ஜ்..." என்றேன்.

முதலில் சிரித்தது நர்ஸ். தனசேகர் சிரிக்கவில்லை, மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தார். அந்த மூன்று நாளும் வீட்டுத் துணி முழுவதையும் என் கையாலேயே துவைக்கவைத்தாள் ஸ்டெல்லா.

இப்போதும் சொந்தக்காரர்கள் வந்திருக்கும்போது நான் பாத்ரூமில் கொஞ்சம் தாமதித்தால் போதும். கூடத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கதவைத் தட்டுவாள்:

"கெடச்ச வெலைக்கு வித்துட்டு வெளிய வாங்க!"